பாடி வைத்த மெட்டுக்குக் கார்ட்ஸும் பின்னணியும் போடுவது எப்படி?

மெட்டு கையில் இருக்கிறது. போனில் பாடிப் பதிவும் செய்தாகிவிட்டது. அடுத்து என்ன என்ற இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். எங்கேயோ கிடைத்த நான்கு கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களின், வரிசையை எடுத்து மெட்டுக்கு அடியில் ஓட்டிப் பார்ப்பார்கள். பாதி இடத்தில் பொருந்தும், பாதி இடத்தில் இடிக்கும். மெட்டு முதலில் பிறந்துவிட்டால் கார்டையும் அந்த மெட்டுக்குள்தான் தேட வேண்டும். எந்தக் கார்ட் வேண்டும் என்பதை மெட்டில் நீண்டு நிற்கும் ஸ்வரங்களும் தாளத்தில் அழுத்தம் விழும் ஸ்வரங்களும் சொல்லிவிடும்.

கீபோர்டில் ஸ ரி க ம வாசிக்கத் தெரிந்தால் போதும். மென்பொருளுக்கு இலவசமாகவே பேண்ட்லேப் இருக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு கேரேஜ்பேண்ட். எதுவாக இருந்தாலும் சரி.

படி 1: வேகத்தைப் பிடியுங்கள்

பதிவைக் கேட்டுக்கொண்டே தாளம் தட்டுங்கள். 15 விநாடியில் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 22 தட்டு வந்தால் 88 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 88 தட்டு. மென்பொருளில் அந்த வேகத்தை வைத்து, தட்டுக்கு ஒரு முறை ஒலிக்கும் க்ளிக்கை ஓடவிட்டு, அதைக் கேட்டபடி இன்னொரு முறை பாடிப் பதிவு செய்யுங்கள். கம்பி உள்ள ஹெட்செட்டே போடுங்கள். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், அதைக் கேட்டுப் பாடினால் குரல் தாளத்துக்குப் பின்னால் விழும்.

இங்கே எடுப்பை, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை, கவனிக்க வேண்டும். நம் பாட்டுகள் பல, தாளம் விழுந்து அரை தட்டோ ஒரு தட்டோ கழிந்த பிறகுதான் தொடங்கும். முதல் சொல் பாடிய இடத்தையே முதல் தட்டு என்று குறித்துவிட்டால் பின்னால் வரும் எல்லாக் கார்டும் இடம் மாறி விழும். முதல் சொல்லைப் பார்க்காதீர்கள், தொடையில் கை எங்கே பலமாக விழுகிறது என்று பாருங்கள். ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை, அதை நாலு நாலாக இரண்டு பார் (தாளத்தைப் பிரிக்கும் கட்டம்) என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மூன்றாக ஆடும் நாட்டுப்புற மெட்டை நாலுக்குள் திணிக்க வேண்டாம். மென்பொருளில் தாளக் கணக்கை 6/8 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: ஸ எங்கே இருக்கிறது?

பல்லவி முடியும் ஸ்வரம் பெரும்பாலும் ஸ. பாடி முடித்ததும் அதை அப்படியே முனகிக்கொண்டு கீபோர்டில் தேடுங்கள். சி-யில் கிடைத்தால் 1 கட்டை, டி என்றால் 2, ஜி என்றால் 5. நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை.

சுருதிப் பெட்டி இல்லாமல் பாடியிருந்தால் ஸ இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுந்திருக்கும். அப்போது குரல் டிராக்கையே கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ அருகில் உள்ள கட்டையில் சேர்த்துவிடுங்கள். அரைக் கட்டை என்பது 100 சென்ட். 20, 30 சென்ட் நகர்த்தினால் குரலின் தன்மை பெரிதாகக் கெடாது. சுருதி சேராமல் மேலே போகவே கூடாது. கார்ட் சரியாக இருந்தும் காதில் உறுத்துகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

படி 3: மெட்டை ஸ்வரமாக எழுதுங்கள்

எல்லா அசைவும் வேண்டாம். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை விட்டுவிட்டு, எந்த ஸ்வரத்தில் நிற்கிறோம் என்பதை மட்டும் எழுதினால் போதும். இந்தக் கட்டுரைக்காக மோகன ராகத்தில் சின்னதாக ஒரு வரி வைத்துக்கொள்வோம். 1 கட்டை சுருதி, பாருக்கு நான்கு தட்டு, ஒரு காற்புள்ளிக்கு ஒரு தட்டு நீட்டல்:

க க ப க | த , ப க | ரி ரி க ப | ஸ , , ,

பல்லவி போல இதை இரண்டு முறை பாடுகிறோம்.

படி 4: கார்ட் கையிருப்பு

மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள். ஒன்று விட்டு ஒன்றாக மூன்று ஸ்வரத்தைச் சேர்த்தால் ஒரு கார்ட். 1 கட்டையில்:

சி மேஜர்: ஸ க ப
டி மைனர்: ரி ம த
ஈ மைனர்: க ப நி
எஃப் மேஜர்: ம த ஸ
ஜி மேஜர்: ப நி ரி
ஏ மைனர்: த ஸ க

ஏழாவதாக நி-யில் தொடங்கும் ஒன்று உண்டு, இப்போதைக்கு அது வேண்டாம். உங்கள் சுருதி வேறு என்றாலும் இதே வரிசைதான். கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி சி-யிலேயே வாசித்துப் பழகலாம். மெட்டில் வரும் க சின்ன காந்தாரம் என்றால் நீங்கள் இருப்பது மைனர் பக்கம். நடபைரவி இயல்பான மைனர், கீரவாணி ஹார்மோனிக் மைனர். அவற்றுக்கும் இதே போல ஒன்று விட்டு ஒன்றாக எடுத்துப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: மெட்டோடு பொருத்துதல்

இப்போதைக்குப் பாருக்கு ஒரு கார்ட். முதல் தட்டில் விழும் ஸ்வரமும் அதிக நேரம் நிற்கும் ஸ்வரமும் கார்டுக்குள் இருக்க வேண்டும். போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகும் ஸ்வரம் வெளியே இருந்தாலும் பாதகமில்லை.

முதல் பாரில் க, ப. இரண்டும் சி மேஜரில் இருக்கின்றன. இரண்டாவதில் நீண்டு நிற்பது த, முடிவது க, ஏ மைனர். மூன்றாவதில் அழுத்தம் ரி மேல், கடைசியில் ப, ஜி மேஜர். நான்காவதில் ஸ மட்டும்தான், அதனால் சி மேஜர். முதல் வரைவு தயார். ஒரு முறை பாடிக்கொண்டே வாசித்துப் பாருங்கள்.

நான்காவது பாரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கார்ட் போடுவதில் இருக்கும் சுகம் முழுவதும் எனக்கு இந்த இடத்தில்தான். ஸ என்ற ஸ்வரம் பட்டியலில் மூன்று கார்டில் இருக்கிறது: சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர். அதே ஸ-வை நீட்டிப் பாடிக்கொண்டு மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்துக் கேளுங்கள். சி மேஜரில் வரி முடிந்துவிடும். ஏ மைனரில் முடிந்த மாதிரி இருந்தும் மனசு அடங்காது, ஏதோ ஏக்கம் மிஞ்சும். எஃப் மேஜரில் புதிதாக ஒரு இடம் திறந்துகொள்ளும். பாடகர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, ஆனால் வரியின் பொருள் மாறுகிறது. அதனால் முதல் முறை பாடும்போது ஏ மைனர், இரண்டாம் முறை சி மேஜர் என்று வையுங்கள். கேட்பவர் இரண்டாம் முறைக்குத் தானாகக் காத்திருப்பார். எந்தக் கார்ட் என்ற குழப்பம் வந்தால் உங்கள் பாட்டின் வரியைப் படித்துப் பாருங்கள். கேள்வியாக நிற்கும் வரிக்கு முடிவான கார்ட் ஒட்டாது.

படி 6: ராகத்துக்கு வெளியே போகிறோமா?

மோகனத்தில் ம-வும் நி-யும் கிடையாது. நாம் போட்ட ஜி மேஜரிலோ நி இருக்கிறது, எஃப் மேஜரில் ம இருக்கிறது. பாடுகிறவர் தொடாத ஸ்வரத்தைக் கீபோர்டு ஒலிக்கும். இது தவறு என்று நான் சொல்ல மாட்டேன், சினிமாப் பாட்டுகளில் தாராளமாக வருவதுதான். தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மோகனத்தின் வாசனை கலையக் கூடாது என்றால் மூன்றாம் பாரில் நி-யை எடுத்துவிட்டு ப த ரி என்று பிடியுங்கள். மேற்கத்திய முறையில் இதற்கு ஜி சஸ் டூ என்று பெயர். மூன்றும் மோகனத்தின் ஸ்வரங்கள், கனமும் குறையாது. தாலாட்டுக்கும் பக்திப் பாட்டுக்கும் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அதே ஐந்து ஸ்வரங்கள் த-வில் போய் முடிந்தால் அது சுத்த தன்யாசி. அங்கே வீடு ஏ மைனர். பட்டியல் மாறாது, திரும்பி வந்து நிற்கும் இடம்தான் மாறும். அப்புறம், க-வைப் பலமாக அசைத்துப் பாடும் ராகம் என்றால் கீபோர்டின் அசையாத க அதோடு மோதும். அந்த இடத்தில் க-வை விட்டு ஸ, ப இரண்டை மட்டும் பிடித்தால் குரலுக்கு வழி கிடைக்கும்.

படி 7: விரலும் பேஸும்

கார்ட் மாறும்போது கையைத் தூக்கித் தூக்கி வைக்காதீர்கள். ஸ க ப-விலிருந்து ஏ மைனருக்குப் போக ஒரே ஒரு விரலை ப-விலிருந்து த-வுக்கு நகர்த்தினால் போதும்: ஸ க த. எத்தனை குறைவாக விரல் நகர்கிறதோ அத்தனை வழவழப்பாகப் பின்னணி ஓடும்.

அடியில் ஓடும் தாழ்ந்த ஒலியான பேஸுக்கு ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் கார்டின் மூல ஸ்வரம், அதாவது பட்டியலில் முதலில் எழுதிய ஸ்வரம்: ஸ, கீழ் த, கீழ் ப, ஸ. முதல் முறையின் முடிவில் மட்டும் ஸ-வுக்குப் பதில் த. இது நன்றாக உட்கார்ந்த பிறகு நான்காம் தட்டில் ஒரு இணைப்பு ஸ்வரம் சேர்க்கலாம். ஸ-விலிருந்து த-வுக்கு இறங்கும்போது நடுவில் நி-யைத் தொடத்தான் கை போகும். மோகனத்தைக் காக்க வேண்டும் என்றால் கீழ் ப-வைத் தொட்டு த-வுக்கு ஏறுங்கள்.

படி 8: ரிதமும் இடைவெளியும்

ரிதத்துக்கு ஒரு தபேலா லூப்போ லேசான ஷேக்கரோ போதும். பாட்டின் சொற்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ரிதம் எளிமையாக இருக்கட்டும்.

குரல் பாடும்போது மற்ற வாத்தியங்கள் நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். குரல் நிற்கும்போது அவை பேசலாம். பேச்சுக்கு நடுவே புகாமல் மூச்சு விடும் நேரத்தில் ‘ம்’ கொட்டுகிற ஆள் மாதிரி. நம் வரியில் அந்த இடம் நான்காம் பார். ஸ நீண்டு நிற்கிறது, மூன்று தட்டு காலி. அங்கே புல்லாங்குழலில் கீழ் த, ஸ, ரி என்று தட்டுக்கு ஒன்றாக ஏறுங்கள். அடுத்த முறை வரி க-வில் தொடங்குவதால் குழல் ரி-யில் விட்ட இடத்தில் குரல் எடுத்துக்கொள்ளும். குரல் பாடும் அதே மெட்டை அதே ஸ்தாயியில் வயலினிலும் வாசிக்க ஆசை வரும். பாடகரின் கமகமும் வயலினின் நேர்க்கோடும் ஒட்டாமல் போகும், அதனால் ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்ட்ரிங்ஸ் போடுகிறீர்கள் என்றால் குரலுக்கு ஒரு ஸ்தாயி மேலேயோ கீழேயோ வையுங்கள். எல்லாமே நடு ஸ்தாயியில் குவிந்தால் சொல் புரியாது, வால்யூமைக் கூட்டினாலும் தீராது.

படி 9: சரிபார்ப்பு

ரிதத்தையும் ஸ்ட்ரிங்ஸையும் நிறுத்திவிட்டு குரல், பேஸ் இரண்டை மட்டும் ஓடவிடுங்கள். அந்த இரண்டில் பாட்டு நின்றால் கார்ட் சரி. எங்கேயாவது இடித்தால் அந்தப் பாரின் முதல் தட்டுக்குப் போய் ஸ்வரத்தைத் திரும்ப எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் எடுப்பைத் தப்பாகக் குறித்திருப்போம். அப்புறம் போன் ஸ்பீக்கரில் ஒரு முறை கேளுங்கள். பேஸ் அதில் கிட்டத்தட்ட காணாமல் போகும். அப்போதும் கார்ட் மாறுவது காதுக்குத் தெரிந்தால் சரணத்துக்குப் போகலாம், அங்கேயும் படி 3-லிருந்து இதே வேலைதான்.