புதிய ஊருக்கு மருத்துவக் கல்லூரியைக் கொண்டுபோகிறீர்களா? வார்டிலிருந்து தொடங்குங்கள்

அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று தன் மருத்துவக் கல்லூரிக்கு இன்னொரு ஊரில் கிளை வளாகம் தொடங்க முடிவெடுத்தால், முதல் கூட்டத்திலேயே கட்டட வரைபடம் மேசைக்கு வந்துவிடும். அதைச் சுருட்டி ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். இப்படி ஒரு கிளை வளாகத்தில், மாணவர்களைப் பிரித்து வார்டுகளுக்கு அனுப்பும் பொறுப்பில் பல வருடம் இருந்தவள் நான். வகுப்பறை போதாமல் ஒரு மாணவரின் படிப்பு கெட்டு நான் பார்த்ததில்லை. வகுப்புக்கு வேறு இடம் எப்படியும் கிடைத்துவிடும். பார்க்க நோயாளி இல்லாமலும், பக்கத்தில் நின்று சொல்லித்தர மூத்த மருத்துவர் இல்லாமலும் படிப்பு கெட்டதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த வரிசையில் சொல்கிறேன்.

கட்டடம் காத்திருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகமே சாட்சி. டூசான் நகரத்தில் இருந்த அதன் மருத்துவக் கல்லூரி ஃபீனிக்ஸ் நகரத்துக்கு விரிந்தபோது, 2007-ல் 24 மாணவர்களோடு, ஒரு பழைய உயர்நிலைப் பள்ளியின் கட்டடங்களைச் சீரமைத்துத்தான் தொடங்கினார்கள். பத்து வருடம் கழித்து, 2017-ல், அது தனிக் கல்லூரியாகவே முழு அங்கீகாரம் பெற்றது.

முதலில் எண்ணுங்கள்

"மருத்துவமனையில் 500 படுக்கை இருக்கிறது, தாராளமாகப் போதும்" என்று யாராவது சொல்வார்கள். மொத்தப் படுக்கைக் கணக்கு எதற்கும் உதவாது. துறை துறையாக எண்ண வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வருடத்துக்கு 60 மாணவர்கள், மருத்துவமனைப் பயிற்சியில் ஆறு துறைகள் சுழற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு துறையில் 10 பேர் இருப்பார்கள். மகப்பேறு வார்டில் ஆறு வாரம் தங்கும் ஒவ்வொருவரும் குறைந்தது 10 பிரசவங்களில் கைவைத்துக் கற்க வேண்டும் என்றால், அந்த ஆறு வாரத்தில் மாணவர்களுக்கென்று 100 பிரசவங்கள் வேண்டும். மருத்துவமனையில் மாதம் 120 பிரசவம் நடக்கிறது என்றால் ஆறு வாரத்துக்கு ஏறத்தாழ 165. பார்த்தால் போதும்போலத் தெரியும். அதிலிருந்து அறுவைச் சிகிச்சைப் பிரசவங்களைக் கழியுங்கள். மாணவர் வேண்டாம் என்று சொல்லும் தாய்மாரைக் கழியுங்கள். அது அவர்கள் உரிமை. அதே வார்டில் பயிலும் செவிலியர், மருத்துவச்சி மாணவிகளுக்குத் தேவையானதைக் கழியுங்கள். மிச்சம் 100-ஐத் தொடுகிறதா? தொடவில்லை என்றால் 60 சீட் வேண்டாம். அல்லது இரண்டாவது மருத்துவமனை ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

ஆசிரியர் கணக்கும் அப்படித்தான். ஒரு மருத்துவர் தன் வேலையும் கெடாமல், நோயாளிக்கும் தொந்தரவில்லாமல் ஒரே நேரத்தில் இரண்டு மாணவர்களைக் கவனிக்க முடியும். 10 பேருக்கு ஐந்து மருத்துவர். விடுப்பு, இரவுப் பணி, மாநாடு என்று பார்த்தால் ஏழெட்டுப் பேர் பட்டியலில் இருக்க வேண்டும். இறுதி இரண்டு வருட மாணவர்களும் ஒரே நேரத்தில் வார்டில் இருந்தால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகும். முதல் பேட்ச் வரும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றி, இரண்டாவது பேட்ச் வார்டுக்குள் நுழையும்போது நெரிசல் தொடங்குவது இதனால்தான்.

எந்தத் துறையில் குறை வரும் என்று கேட்டால், என் பதில்: மனநலம், குழந்தை மருத்துவம், மகப்பேறு. பொது மருத்துவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் நோயாளிகள் கிடைத்துவிடுவார்கள். அந்த மூன்றையும் முதலில் எண்ணுங்கள். எந்தத் துறையில் எண்ணிக்கை மிகக் குறைவோ, அதுதான் உங்கள் சீட் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். சராசரி எடுக்காதீர்கள்.

இந்தக் கணக்கெடுப்புக்கு நீங்களே நேரில் போங்கள். மருத்துவமனை அலுவலகம் தரும் தாளில் இருப்பது வேறு, காலை எட்டு மணிக்கு வார்டில் இருப்பது வேறு. தலைமைச் செவிலியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த மருத்துவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும், யாருக்குப் பொறுமை இல்லை, எந்த நாளில் ஓபி-யில் நிற்கக்கூட இடமிருக்காது, எல்லாம் அவருக்குத் தெரியும்.

எந்த மாதிரி வளாகம்?

வழிகள் பல. அடிப்படை அறிவியல் முழுவதையும் தாய்க் கல்லூரியில் படித்துவிட்டு, மருத்துவமனைப் பயிற்சிக்கு மட்டும் புதிய ஊருக்கு வரலாம். அல்லது முதல் வருடத்திலிருந்தே புதிய ஊரில் படிக்கலாம். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகம் 1970-களில் மாநிலம் முழுவதும் பரவி, இன்று ஒன்பது வளாகங்களில் ஒரே பட்டத்தைத் தருகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் அதே காலத்தில், சொந்தமாக மருத்துவக் கல்லூரி இல்லாத அந்தப் பகுதி மாநிலங்களைச் சேர்த்து ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியது. அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ முதலில் சேர்ந்தன. வயோமிங் 1996-ல் வந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2004-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து, பிரின்ஸ் ஜார்ஜ், விக்டோரியா ஆகிய இரு ஊர்களில் இருந்த வேறு பல்கலைக்கழகங்களின் வளாகங்களையே பயன்படுத்திக்கொண்டது.

இதில் நான் ஒரு பக்கம் சாய்ந்தவள். மாணவர் முதல் வருடத்திலிருந்தே அந்த ஊரில் இருக்கட்டும். இரண்டு வருடம் தாய்க் கல்லூரி இருக்கும் ஊரில் நண்பர்களையும் அறையையும் பழக்கவழக்கத்தையும் அமைத்துக்கொண்ட பிறகு அனுப்பினால், புதிய ஊர் அவர்களுக்குத் தண்டனைபோல ஆகிவிடுகிறது. முதல் நாளிலிருந்து வந்தவர்களுக்கு அது தங்கள் கல்லூரி. செலவு கூடும், உண்மைதான். உடற்கூறியல் கூடத்துக்குக் காற்றோட்டம், வடிகால், குளிரூட்டி வேண்டும். உடல் தானத்துக்கு அந்த ஊர் மக்களிடம் பொறுமையாகப் பேசி ஒரு முறையை உருவாக்க வேண்டும். இதை முன்கூட்டியே தொடங்குங்கள். நம்பிக்கை வர நாளாகும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

மருத்துவமனை அரசுடையதாக இருந்தாலும் தனியாருடையதாக இருந்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ஒரு துறையில் ஒரு நேரத்தில் அதிகபட்சம் எத்தனை மாணவர், மருத்துவரின் கற்பித்தல் நேரம் அவர் பணி நேரத்தில் சேருமா, அதற்குப் பணம் யார் தருவது, மாணவர் தங்கும் அறை யார் பொறுப்பு, வேலையில் தவறுதலாக ஊசி குத்திக்கொண்டால் சிகிச்சை யார் செலவு, இவையெல்லாம் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான பிரிவு: மருத்துவமனை விலக நினைத்தால், ஏற்கெனவே சேர்ந்த மாணவர்கள் படித்து முடிக்கும்வரை இடம் தர வேண்டும். இதைச் சேர்க்கச் சங்கடப்படுவார்கள். விடாதீர்கள். நிர்வாகம் மாறும், உரிமையாளர் மாறுவார். மாணவர் நடுவழியில் நிற்கக் கூடாது.

வேறு எந்தக் கல்லூரி அதே வார்டுகளைக் கேட்கிறது என்பதையும் விசாரியுங்கள். அவர்களோடு மோதுவதற்குப் பதில் ஒரே மேசையில் உட்கார்ந்து நாட்களைப் பிரித்துக்கொள்வதே நல்லது.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. கட்டடத்துக்கு ஒருமுறை பணம் தர அரசும் நன்கொடையாளரும் முன்வருவார்கள். திறப்பு விழாவும் நடக்கும். ஆசிரியர் சம்பளம், ஒருங்கிணைப்பாளர், மனநல ஆலோசகர், போக்குவரத்து ஆகியவை ஒவ்வொரு வருடமும் வரும் செலவு. அந்த வருடாந்திரத் தொகை பட்ஜெட்டில் நிரந்தர இனமாக எழுதப்படும்வரை மாணவர் சேர்க்கைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தாய்க் கல்லூரியும் கிளையும்

இந்த இடத்தில்தான் மனசு கசக்கும். நான் இருந்த வளாகத்தில், தலைமை வளாகம் தேர்வு நாளை மாற்றிவிட்டு எங்களுக்கு முந்தைய வாரம்தான் தெரிவித்தது. எங்கள் மாணவர்களில் பாதிப்பேர் அப்போது தொலைவில் உள்ள சிற்றூர் மருத்துவமனைகளில் இருந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அந்த முடிவெடுத்த குழுவில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை, அவ்வளவுதான்.

அதனால் பாடத்திட்டக் குழு, தேர்வுக் குழு, மாணவர் சேர்க்கைக் குழு மூன்றிலும் கிளை வளாகத்துக்கு வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். பார்வையாளர் இடம் போதாது. வளாகத் தலைவர் டீனுக்கு நேரடியாகப் பதில் சொல்பவராகவும், தன் ஊரில் ஆசிரியரை நியமிக்கவும் செலவு செய்யவும் அதிகாரம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, ஒவ்வொரு வளாகத்தின் தலைவரும் டீனுக்குப் பொறுப்பானவராக இருப்பதையும், எல்லா வளாகங்களிலும் கற்பித்தலும் மதிப்பீடும் ஒப்பிடத்தக்க தரத்தில் இருப்பதையும் கேட்கிறது. உங்கள் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு என்ன கேட்கிறது என்பதை முதல் மாதத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சீட் எண்ணிக்கையை அறிவிப்பது அதற்கு அப்புறம்.

ஒப்பிடத்தக்கது என்றால் அச்சு அசல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கற்க வேண்டியவையும் தேர்வும் ஒன்று. கற்கும் வழி மாறலாம். பெரிய நகரத்தில் மாணவர் ஒவ்வொரு துறையிலும் சில வாரம் இருந்துவிட்டு நகர்வார். கனடாவின் வடக்கு ஒன்டாரியோ மருத்துவக் கல்லூரி 2005-ல் தண்டர் பே, சட்பரி என்ற இரு நகரங்களை மையமாக வைத்துத் தொடங்கியபோது, மூன்றாம் வருடத்தில் மாணவர்களை எட்டு மாதம் ஒரே சிற்றூரில் தங்கவைத்தது. கர்ப்பமாக வந்த பெண்ணையே பிரசவத்திலும் பார்த்து, அப்புறம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரும்போதும் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997-லிருந்து இப்படி ஒரு ஊரகத் திட்டத்தை நடத்தியது. அங்கே பயின்ற மாணவர்கள் பெரிய மருத்துவமனையில் பயின்றவர்களைவிடத் தேர்வில் நன்றாகவே செய்தார்கள் என்று 2004-ல் ஆய்வு வெளியானது. சின்ன ஊர் என்றால் தரம் குறையும் என்று வாதிடுபவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

யாரைச் சேர்ப்பது, அப்புறம் எங்கே போவார்கள்

புதிய ஊரில் கல்லூரி திறப்பதே அங்கே மருத்துவர்கள் தங்க வேண்டும் என்பதற்காகத்தான். பிரின்ஸ் ஜார்ஜ் நகரத்தில் 2000-ல் மருத்துவர் பற்றாக்குறைக்கு எதிராக ஆயிரக்கணக்கான மக்கள் ஓர் அரங்கில் திரண்டார்கள்; அந்த அழுத்தத்தில்தான் அங்கே மருத்துவப் படிப்பு வந்தது. மாணவர்களுக்கு உதவ வட்டார ஊராட்சிகளும் மக்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளையே அமைத்தார்கள்.

ஆனால் கட்டடம் யாரையும் பிடித்து வைக்காது. ஊரகப் பின்னணியுள்ள மாணவர்களைச் சேர்ப்பதையும், படிப்பையே அந்தப் பகுதிக்கு அருகில் வைப்பதையும் உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே பரிந்துரைத்தது. 2021-ல் அதையே திரும்பவும் சொன்னது. மதிப்பெண்ணோடு, அந்தப் பகுதியில் பள்ளியில் படித்த வருடங்களுக்கும் எடை கொடுங்கள். நேர்காணல் குழுவில் ஊர்க்காரர் ஒருவரை உட்காரவையுங்கள்.

முதுநிலைப் பயிற்சி இடங்கள் இல்லாமல் இளநிலைப் படிப்பை மட்டும் தொடங்குவது அரைகுறை வேலை. அமெரிக்காவில் முதுநிலைப் பயிற்சி முடித்த மருத்துவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், தாங்கள் அந்தப் பயிற்சி பெற்ற மாநிலத்திலேயே தொழில் நடத்துகிறார்கள். அந்த வயதில்தான் கல்யாணம், குழந்தை, வீடு எல்லாம். பயிற்சிக்காக வேறு ஊர் போனவர்களில் பலர் திரும்புவதில்லை. முதல் பேட்ச் பட்டம் வாங்குவதற்குள் குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், மகப்பேறு ஆகியவற்றிலாவது அதே ஊரில் முதுநிலை இடங்கள் தயாராக இருக்க வேண்டும். அந்த விண்ணப்ப வேலை, முதல் மாணவர் சேரும் வருடத்திலேயே தொடங்கட்டும்.

முதல் பேட்ச் சின்னதாக இருக்கட்டும். கணக்கு 60-ஐத் தாங்கும் என்றாலும் 25-ல் தொடங்குங்கள். இவர்களுக்கு மேலே சீனியர் கிடையாது. எந்தப் புத்தகம், எந்த வார்டில் எப்படி நடந்துகொள்வது, தேர்வு பயம் வந்தால் யாரிடம் போவது என்று சொல்ல ஆளில்லை. தாய்க் கல்லூரியின் மேல் வகுப்பு மாணவர் ஒருவரை ஒவ்வொருவருக்கும் துணையாக இணைத்துவிடுங்கள். ஆலோசகர் அதே ஊரில் இருக்க வேண்டும், திரையில் அல்ல.

உள்ளூர் மருத்துவர்களுக்கும் பயிற்சி தேவை. இருபது வருடம் நன்றாக வைத்தியம் பார்த்தவருக்குக் குறை சொல்லத் தயக்கம் இருக்கும். மாணவர் தவறாகச் செய்தால் அவரே வாங்கிச் செய்துவிடுவார். மாணவரைச் செய்யவிட்டுப் பார்ப்பது, உடனே இரண்டு வாக்கியத்தில் கருத்துச் சொல்வது, மதிப்பீட்டுப் படிவத்தை நேர்மையாக நிரப்புவது, இந்த மூன்றையும் மாலை நேரப் பட்டறைகளில் பழக்குங்கள். அவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பதவிப் பெயரையும், நூலக அனுமதியையும், மின்னஞ்சலையும் முதல் நாளிலேயே கொடுங்கள். பணத்தைவிட இதை மதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேர்க்கை நாளன்றே ஒவ்வொரு மாணவரிடமும், பட்டம் பெற்ற பிறகு எங்கே வேலை செய்கிறார் என்று பின்தொடர்ந்து கேட்க எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். சேர்க்கையிலிருந்து நிபுணராகும்வரை பல வருடம் ஆகும். அதற்குள் டீன் மாறியிருப்பார், அமைச்சரும் மாறியிருப்பார். இந்த வளாகத்தால் என்ன பயன் என்று யாராவது கேட்கும் நாளில், எத்தனை பேர் அந்தப் பகுதியிலேயே மருத்துவம் பார்க்கிறார்கள் என்ற பட்டியல் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.