குடில் முதலில், ரயில் பிறகு

மூணாறு அருகே உள்ள மீசப்புலிமலைக்கு ஏறும் பாதையில் கேரள வனவளர்ச்சிக் கழகம் நடத்தும் ரோடோ மேன்ஷன் போன்ற மலைக்குடிலில் தங்க விரும்பும் கடலூர், புதுச்சேரி வாசகர்கள், குடிலுக்கான இடம் உறுதியான பின்னரே விழுப்புரத்திலிருந்து, மூணாறு செல்லும் வழியில் உள்ள மதுரைக்கு ரயில் டிக்கெட் எடுப்பது பணத்தை மிச்சப்படுத்தும். பாதையில் உள்ள குடில்களில் படுக்கைகள் மிகக் குறைவு. நிரம்பிவிட்டால் அருகில் வேறொரு விடுதி தேடும் வாய்ப்பும் கிடையாது. மதுரைக்கோ பல ரயில்கள் இருக்கின்றன, அவை இல்லாவிட்டாலும் பேருந்து இருக்கிறது. ஆகவே எளிதில் கிடைப்பதை முதலில் வாங்கிவிட்டு, அரிதானது கிடைக்காதபோது ரத்துக் கட்டணம் செலுத்துவது வீண்செலவு. குடிலுக்கான தேதி பார்க்கும்போது செவ்வாய், புதன் நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். வார இறுதிக் கூட்டம் அப்போது இராது.

பொங்கல், தீபாவளி விடுமுறைகளுக்கு இந்த வரிசை பொருந்தாது. ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன் திறந்தவுடனேயே அந்நாட்களின் இருக்கைகள் தீர்ந்துவிடுவதால், அப்போது மட்டும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, குடில் கிடைக்காவிட்டால் தாமதிக்காமல் ரத்துசெய்வதே நல்லது. புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும்.