காது கேட்கும் கருவியும் கடலோரக் காற்றும்

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் காது கேட்கும் கருவி அணிபவர்களுக்கு முதல் எதிரி உப்புக் காற்றும் வியர்வையும்தான். இரவில் கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போட்ட இறுக்கமான டப்பாவில் கருவியை மட்டும் வையுங்கள். பேட்டரியும் உள்ளே கிடந்தால் காய்ந்து வீணாகும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன, மாற்றிவிடுங்கள்.

புதுப் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் மாட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் காற்றுப் படட்டும். காற்றுப் பட்டால்தான் அது உயிர் பெறும். ஸ்டிக்கரின் நிறம்தான் பேட்டரியின் அளவு எண்ணைச் சொல்லும்: 312 என்றால் பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். விரல் நடுங்கும் பெரியவர்களுக்குப் சின்னஞ்சிறு பேட்டரி போடும் கருவியை வாங்கிக் கொடுப்பது, என்னைக் கேட்டால், வம்பு.

சத்தம் குறைந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பதறவேண்டாம். பெரும்பாலும் குறும்பி அடைப்புத்தான். நுனியைப் பிரஷ்ஷால் தட்டிப் பாருங்கள்.

வாங்கும்முன் செவித்திறன் பரிசோதனை கட்டாயம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டுங்கள். கடையின் அமைதியான அறையில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் கேட்கும். சோதனைக்குத் தருவார்களா என்று கேட்டு, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு இரைச்சலில் ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.