காற்றில் நுண்ணளவு ஆர்சைனை அளப்பது எப்படி?

ஆர்செனிக் கலந்த உலோகத்தின் மீது அமிலம் படும் உருக்காலைகளிலும், காலியம் ஆர்சனைடு சில்லுகள் தயாராகும் கூடங்களிலும் ஆர்செனிக்கும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஆர்சைன் வாயு வெளிப்படக்கூடும். இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் இந்த வாயு பூண்டு வாடையால் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று எவரும் நம்பியிருக்கக் கூடாது. வாடை தெரியத் தொடங்கும் சுமார் 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) அளவு, அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஓஷா 8 மணி நேரச் சராசரியாக அனுமதிக்கும் 0.05 பிபிஎம் வரம்பைப் போல் பத்து மடங்கு. அந்நாட்டின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் உச்சவரம்போ, 15 நிமிட அளவீட்டில் கன மீட்டருக்கு 0.002 மில்லிகிராம் மட்டுமே. இத்தகைய அளவுகளை எட்ட, நியாஷின் 6001ஆம் முறையைப் பின்பற்றலாம்.

தேங்காய் ஓட்டுக் கரி முன்பகுதியில் 100 மில்லிகிராமும் பின்பகுதியில் 50 மில்லிகிராமும் அடைக்கப்பட்ட கண்ணாடிக் குழாய் இதற்குத் தேவை. இதே வகைக் குழாய் ஒன்றைப் பொருத்திய நிலையிலேயே, காற்றை இழுக்கும் பம்பின் ஓட்டவேகத்தைச் சரிபார்த்து, மாதிரி எடுக்கும் வேளையில் புதிய குழாயின் முனைகளை உடைத்து, தொழிலாளியின் சட்டைக் கழுத்தருகே குழாயைச் செங்குத்தாக மாட்டவும். நிமிடத்துக்கு 0.01 முதல் 0.2 லிட்டர் வரையிலான வேகத்தில், மொத்தம் 10 லிட்டருக்கு மேற்படாமல் காற்றை இழுக்க வேண்டும். ஆர்செனிக் தூசி மிதக்கும் இடமானால், முன்னால் செல்லுலோஸ் எஸ்டர் வடிதாள் வைக்காவிட்டால் தூசியும் வாயுவாகக் கணக்கில் ஏறிவிடும்.

ஆய்வகத்தில் இரு பகுதிக் கரியையும் தனித்தனிக் குப்பிகளில் இட்டு, ஒவ்வொன்றிலும் 0.01 மோலார் நைட்ரிக் அமிலம் 1 மில்லிலிட்டர் ஊற்றி, மீயொலித் தொட்டியில் 30 நிமிடம் வைக்கவும். பிறகு, ஆர்செனிக் அணுக்கள் உறிஞ்சும் ஒளியைக் கொண்டு அதன் அளவைக் காட்டும் கிராஃபைட் உலை அணு உறிஞ்சல் கருவியில் 193.7 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கவும். உலை சூடேறும்போது ஆர்செனிக் முன்கூட்டியே ஆவியாகாதிருக்க நிக்கல் கரைசல் சேர்ப்பது அவசியம்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது காற்று இழுக்காத வெற்று மாதிரிகளில்தான். நிமிடத்துக்கு 0.2 லிட்டர் வீதம் 15 நிமிடம் இழுத்தால் கிடைப்பது 3 லிட்டர் காற்று. உச்சவரம்பிலேயே அதில் இருக்கும் ஆர்சைன் வெறும் 6 நானோகிராம். அமிலத்திலோ, கண்ணாடியிலோ, கரியிலோ ஒட்டியுள்ள ஆர்செனிக்கே இந்த அளவை மூழ்கடித்துவிடலாம் என்பதால், முனை உடைத்துக் காற்று இழுக்காமல் மூடிய குழாய்களையும் அதே தொகுதியிலிருந்து அனுப்பி, அவற்றின் அளவைக் கழித்த பின்பே முடிவை நம்ப வேண்டும். கிடைத்த ஆர்செனிக்கை 1.04ஆல் பெருக்கினால் ஆர்சைனின் எடை வரும். மைக்ரோகிராமில் உள்ள அதனை லிட்டரால் வகுத்தால் கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற விடை கிடைக்கும். பின்பகுதியில் உள்ளது முன்பகுதியின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வாயு குழாயைக் கடந்து சென்றிருக்கலாம். அந்த மாதிரியைக் குறைந்த கன அளவில் மீண்டும் எடுக்கவும்.

இம்முறையின் விடை ஆய்வகத்திலிருந்து வந்து சேர்வதற்குள் வாயுக்கசிவு ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே கசிவு நேரக்கூடிய இடத்தில், எச்சரிக்கை ஒலிக்கும் மின்வேதி உணரியும் உடன் இயங்க வேண்டும். பாஸ்பீன் என்ற வேறொரு வாயுவும் அதைத் தூண்டும் என்பதை அறிந்தே அதன் அளவைப் படிக்க வேண்டும்.