த்ரில்லர் நாவலுக்கு விமர்சனம் எழுதறப்ப நாம பண்ற தப்புகள்

"கடைசில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க, சான்ஸே இல்ல, யாராலயும் கண்டுபிடிக்க முடியாது." புதுசா வர்ற சஸ்பென்ஸ் நாவல் எதை எடுத்தாலும் விமர்சனத்துல இந்த வரி வந்து நிக்குது. எழுதறவங்க நல்ல மனசோடதான் எழுதறாங்க, கொலைகாரன் பேரைச் சொல்லல, கதையைச் சொல்லல, இதுல என்ன தப்புன்னு கேப்பாங்க. ஆனா ட்விஸ்ட் இருக்குன்னு சொன்னாலே பாதி சஸ்பென்ஸ் உடைஞ்சுடுது. அதைப் படிச்சவர் அப்புறம் கதையைப் படிக்கறதில்ல, ட்விஸ்ட் எங்கன்னு தேடிட்டே போறார். ரொம்ப நல்லவரா வர்ற டாக்டர் மேல முதல் அத்தியாயத்துலயே சந்தேகம் வந்துடும், 200வது பக்கத்துல போலீஸ் ஒருத்தனைப் பிடிச்சா, இன்னும் 80 பக்கம் மிச்சம் இருக்கே, இவன் இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். நானே இதைப் பண்ணியிருக்கேன். அக்காகிட்ட ஒரு புக்கைக் குடுத்துட்டு "யாரையும் நம்பாதக்கா"ன்னு மட்டும்தான் சொன்னேன், மறுநாள் காலைல பாதி கூடத் தாண்டாம "அந்தத் தங்கச்சிதானே?"ன்னு கேட்டா. எழுதினவர் அவ்ளோ கவனமா மறைச்சு வச்சதை ரெண்டே வார்த்தைல எடுத்து நீட்டிட்டேன், அந்த வருத்தம் இன்னும் போகல.

இதை விட மோசமானது ஒப்பீடு. "இந்த நாவலைப் படிக்கறப்ப அந்தப் படம் ஞாபகம் வந்துச்சு"ன்னு எழுதுவோம். அந்தப் படம் பார்த்தவங்களுக்கு அதுல யார் கொலைகாரன்னு தெரியுமே, அப்ப இதுலயும் யார்னு சொல்லிட்ட மாதிரிதானே. ஒப்பிடணும்னா ஊரை, நடையை, வேகத்தை ஒப்பிடுங்க, முடிச்சை ஒப்பிடாதீங்க.

கதைச்சுருக்கம் எழுதறப்ப வார்த்தைல கவனம் வேணும். நாவல்ல ஹீரோயினோட புருஷன் செத்துட்டான்னு இருந்தா, நீங்களும் "செத்துப்போன புருஷன்"னே எழுதுங்க. உண்மையா இருக்கணும்னு நெனச்சு "செத்துட்டதா சொல்லப்படற புருஷன்"னு எழுதினீங்கன்னா முடிஞ்சுது கதை. அதே மாதிரி முதல் கால்வாசிக்கு அப்புறம் நடக்கறது எதையும் சுருக்கத்துல தொடவே வேணாம்.

அடுத்தது, "நான் 50வது பக்கத்துலயே கண்டுபிடிச்சிட்டேன், அதனால ரெண்டு ஸ்டார்"னு போடறது. சஸ்பென்ஸ் வேற, அதிர்ச்சி வேறங்கறதை த்ரில்லர் படங்கள் எடுத்த டைரக்டர் ஹிட்ச்காக், ஃப்ரெஞ்ச் டைரக்டர் ட்ரூஃபோகிட்ட விளக்கமா சொல்லியிருக்கார், அந்தப் பேட்டி 1966ல புத்தகமாவே வந்துச்சு. ரெண்டு பேர் உக்காந்து பேசிட்டிருக்காங்க, மேஜைக்கு அடில குண்டு இருக்கறது யாருக்கும் தெரியாது, திடீர்னு வெடிச்சா நமக்கு 15 செகண்ட் அதிர்ச்சி. அதே குண்டு ஒரு மணிக்கு வெடிக்கும்னு நமக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சு, சுவத்துல கடிகாரம் ஒண்ணாக கால் மணி நேரம் இருக்குன்னு காட்டினா, அவங்க பேசற சாதாரணப் பேச்சு கூட 15 நிமிஷத்துக்கு நம்மள இருக்க விடாது. ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோ 2005ல எழுதின, இங்கிலீஷ்ல 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'னு வந்த நாவல்ல கொலை யார் பண்ணாங்கன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுடுது, ஆனாலும் புக்கைக் கீழ வைக்க முடியல. அதனால கண்டுபிடிச்சீங்களா இல்லையாங்கறதை விட, கண்டுபிடிச்சப்பறமும் பயம் இருந்துச்சா, எந்த இடத்துல தொய்வாச்சு, எந்த இடத்துல தூக்கத்தைத் தள்ளிப்போட்டீங்கன்னு எழுதுங்க, புக்கு வாங்கலாமான்னு யோசிக்கறவருக்கு அதுதான் வேணும்.

தமிழ்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. நம்ம க்ரைம் கதை நிறைய வாரப் பத்திரிகைத் தொடராவும் மாத நாவலாவும் வளர்ந்தது, இப்ப பிரதிலிபி மாதிரி ஆப்ல பாகம் பாகமா வருது. தொடரா எழுதினதுல ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கோடதான் முடியும், அடுத்த வாரம் வரைக்கும் வாசகரை இழுத்துப் பிடிக்கணுமே. அதைப் புத்தகமா ஒரே மூச்சுல படிச்சுட்டு "எட்டு பக்கத்துக்கு ஒருதரம் வலிஞ்சு திடுக்கிட வைக்கறார்"னு எழுதறது நியாயமில்ல. முதல்ல எப்படி வந்த கதைன்னு பாத்துட்டு எழுதுங்க.

லாஜிக் ஓட்டைன்னு சொல்றதுக்கு முன்னாடியும் ஒரு தடவை சரிபாருங்க. 2024 ஜூலை 1ல இருந்து பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்துடுச்சு, கொலைக்கு 302வது பிரிவு போய் 103வது பிரிவு வந்துடுச்சு. 2025ல நடக்கற கதைல இன்ஸ்பெக்டர் 302ன்னு கேஸ் எழுதினா தப்புன்னு பாய்ஞ்சுடாதீங்க, கொலை நடந்தது அந்தத் தேதிக்கு முன்னாடின்னா பழைய சட்டம்தான். அது தெரியாம "ஆசிரியருக்கு சட்டமே தெரியல"ன்னு எழுதிட்டா எழுத்தாளர் பேர்தான் வீணா கெடும்.

கடைசியா, ராத்திரி ரெண்டு மணிக்கு முடிச்ச சூட்டோட எழுதிடாதீங்க. ஒரு நாள் விட்டு முதல் மூணு அத்தியாயத்தைத் திருப்பிப் படிங்க. ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதினவர், 1929ல பத்து விதி போட்டார், அதுல ஒண்ணு துப்பறிவாளருக்குக் கெடைக்கற தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்படணும்ங்கறது. அது நடந்திருக்கான்னு ரெண்டாவது தடவை படிச்சாதான் தெரியும். அகதா கிறிஸ்டி 1920கள்ல எழுதின ஒரு நாவலை அப்ப நெறைய பேரு ஏமாத்து வேலைன்னு திட்டினாங்க, திரும்பப் படிச்சவங்க இல்ல, எல்லாம் கண்ணு முன்னாடியேதான் இருந்துச்சுன்னாங்க. எந்த நாவல்னு பேர் கூட சொல்லல, சொன்னா முடிவுல ஏதோ இருக்குன்னு ஆயிடும், நாளைக்கு ஏதோ ஒரு லைப்ரரில யாராவது ஒருத்தர் அதை முதல் தடவையா கைல எடுக்கலாம்.