வலைத்தளங்களில் தமிழ் உரையைச் சிதைக்காமல் கையாள்வது எப்படி?

ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய நிரலும் தமிழைப் பெரும்பாலும் சரியாகவே திரையில் காட்டிவிடும். எண்ணும்போதும் வெட்டும்போதும் ஒப்பிடும்போதும்தான் பிசகு நேர்கிறது. படிப்பவர் எழுத்துகளைப் பார்க்கிறார், நிரலோ ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் தரம் கொடுத்துள்ள எண்களை, அதாவது குறியெண்களை, பார்க்கிறது என்பதே இதற்குக் காரணம்.

அடிப்படை அமைப்புகளை முதலில் முடித்துவிடுங்கள். எச்டிஎம்எல் கோப்பை யூடிஎஃப்-8 (குறியெண்களைப் பைட்டுகளாக எழுதும் முறை) ஆகச் சேமித்து, அதை அறிவிக்கும் மெட்டா டேக் கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் முழுமையாக அமையும்படி ஹெட் பகுதியின் தொடக்கத்திலேயே வையுங்கள். பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் பண்புக்குத் தமிழின் குறியீடான 'டிஏ' என்ற மதிப்பைக் கொடுங்கள். திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க அது உதவும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் என்றால் யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக்குறி அமைப்பு வேண்டும். பழைய 'யூடிஎஃப்8' அமைப்பில் ஒரு குறியெண்ணுக்கு 3 பைட்தான் இடம். தமிழ் அதில் அடங்கிவிடும், 4 பைட் தேவைப்படும் இமோஜி அடங்காது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 'கொடி' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு இரண்டு எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்டின் லென்த் பண்போ க, ஒகரக் குறி, ட, இகரக் குறி என்று பிரித்து 4 என்கிறது. பிஎச்பியில் வெறும் எஸ்டிஆர்லென் பைட்டுகளை எண்ணி 12 என்றும், எம்பி_எஸ்டிஆர்லென் 4 என்றும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை (கிராஃபீம்) எண்ணும் கிராஃபீம்_எஸ்டிஆர்லென் மட்டுமே 2 என்றும் சொல்லும். படிவங்களின் மேக்ஸ்லென்த் பண்பும் லென்த் போலவே எண்ணுவதால், ஆங்கிலப் பெயர்களுக்குப் போதுமான வரம்பு தமிழ்ப் பெயருக்குப் பாதியிலேயே முடிந்துவிடலாம். ஒருவரைத் தம் பெயரை முழுதாக எழுதவிடாத படிவம் அவரை மதிக்காத படிவம் என்றே நான் கருதுகிறேன். அந்த வரம்பைத் தாராளமாக வையுங்கள்.

இதே சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள் என்பதால், பயனர் தேடும் பதிவு கண்ணெதிரே இருந்தும் தேடலில் கிடைக்காது. உள்ளீட்டைச் சேமிக்கும் முன்பும், தேடல் சொல்லை ஒப்பிடும் முன்பும், நார்மலைஸ் செயற்கூற்றை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் 'என்எஃப்சி' வடிவத்துக்கு அழைத்துவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஆனால் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்குப் பதிலாக 'ள' என்ற எழுத்தையே தட்டச்சு செய்திருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

முன்னோட்ட வரிகளுக்காக உரையை, குறியெண் கணக்கில் வெட்டும் ஸ்லைஸ் செயற்கூற்றைக் கொண்டு வெட்டாதீர்கள். கொம்பும் காலும் பிரிந்திருக்கும் 'கொடி'யில் முதல் இரண்டு குறியெண்களை மட்டும் எடுத்தால் 'கெ' என்று வேறொரு எழுத்தே வந்து நிற்கும். உரையைத் துண்டுகளாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல்.செக்மென்டரை 'டிஏ' மொழிக்கும் 'கிராஃபீம்' அளவுக்கும் உருவாக்கி, அது தரும் துண்டுகளில் வேண்டிய அளவை எடுத்து இணையுங்கள். 2024 ஏப்ரலில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 125 முதல் எல்லா முக்கிய உலாவிகளிலும் இது கிடைக்கிறது. க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை இதுவும் இரண்டு துண்டுகளாகவே பிரிக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

தலைப்பிலிருந்து பக்கத்தின் இணைய முகவரிக்கான ஸ்லக் என்ற பகுதியை உருவாக்கும்போது, ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் வடிவங்களைத் தேடும் விதியில்) யூனிகோட் 'எழுத்து' வகையை மட்டும் அனுமதித்து மற்றவற்றை நீக்கினால், உயிர்மெய்க் குறிகள் யாவும் உதிர்ந்து 'கொடி' வெறும் 'கட' ஆகிவிடும். அந்தக் குறிகள் 'மார்க்' வகையைச் சேர்ந்தவை. ஆகவே எல் (எழுத்து), எம் (மார்க்) ஆகிய இரண்டு வகைகளையும் ரெகுலர் எக்ஸ்பிரஷனின் 'யூ' ஃபிளாக்குடன் சேர்த்து அனுமதியுங்கள்.

பட்டியலை அகரவரிசைப்படுத்த, குறியெண் வரிசையில் அடுக்கும் வெறும் சார்ட் செயற்கூறு போதாது. யூனிகோட் அட்டவணையில் ப-வுக்கு முன் ன-வும், ல-வுக்கு முன் ற-வும் இருப்பதால், 'மனம்' 'மலர்' இரண்டையும் கொடுத்தால் 'மனம்' முதலில் வந்துவிடும். அகராதியிலோ 'மலர்'தான் முதல். மொழிக்கேற்பச் சொற்களை ஒப்பிடும் இன்ட்ல்.கொலேட்டரை 'டிஏ' என்று அமைத்து, அதன் கம்பேர் செயற்கூற்றை சார்ட்டுக்குக் கொடுத்தால் வரிசை சரியாகும். சர்வரில் வரிசைப்படுத்தி உலாவியில் மறுபடி வரிசைப்படுத்தும் தளங்களில், இரண்டு இடங்களிலும் ஒரே வரிசை வருகிறதா என்று இந்த இரண்டு சொற்களையே கொடுத்துச் சோதித்துவிடலாம்.