மதுரையிலேயே வேலை தேடுபவர்கள் பார்க்க வேண்டியவை

முதலில் வைகையை வைத்து ஊரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வடகரையில் கே.புதூர் சிட்கோ (அரசின் சிறுதொழில் பேட்டை), இலந்தைக்குளம் எல்காட் ஐடி பூங்கா, மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டி டயர் ஆலை. தென்கரையில் திருமங்கலம் சாலைப்பக்கம் கப்பலூர் சிட்கோ, தேனி சாலைப்பக்கம் வடபழஞ்சி ஐடி பூங்கா. உங்கள் வீடு எந்தக் கரையில் இருக்கிறதோ அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள். ஷிப்ட் எப்போது முடியும், கம்பெனி பஸ் எந்த நிறுத்தம் வரை வரும் என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். பெயர்தான் தூங்கா நகரம். டவுன் பஸ் தூங்கிவிடும்.

சிட்கோ பட்டறைகள் பல, ஆள் தேவை என்று விளம்பரம் கொடுப்பதில்லை. ஐடிஐ சான்றிதழ் நகலோடு காலையில் நேரில் போவதுதான் வழி. ஃபிட்டர், டர்னர் வேலைக்கு வெர்னியர் என்ற அளவுக்கருவியைக் கையில் கொடுத்து அளவு எடுக்கச் சொல்வார்கள், வரைபடத்தைக் காட்டிக் கேட்பார்கள். அதற்குத் தயாராகப் போங்கள்.

ஐடிஐ முடித்த கையோடு அப்ரண்டிஸாகச் சேருகிறீர்களா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'டிரெய்னி' என்று சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகியிருக்காது. பதிவில்லாமல் எத்தனை மாதம் உழைத்தாலும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழுக்கான தேர்வை எழுத முடியாது. சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒப்பந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முறைப்படி பதிவான அப்ரண்டிஸுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கிடையாது, பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை.

சம்பளம் பேசும்போது கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய், வேறு படிகள் இல்லை என்று வைத்துக்கொண்டால், பி.எஃப். 12 சதவீதம் 1,800 ரூபாய், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 113 ரூபாய் போக மீதி 13,087. கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். சிலர் பிடித்தம் வேண்டாம், முழுசாகக் கொடுங்கள் என்பார்கள். அது புத்திசாலித்தனம் இல்லை: பி.எஃப்.பில் நிறுவனமும் 12 சதவீதம் போடுகிறது, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் கட்டுகிறது. கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தால் பிடித்த பணம் கட்டப்படுகிறதா என்று மாதாமாதம் மத்திய அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் இல்லையென்றால் அந்தச் சீட்டுதான் உங்கள் சாட்சி; பத்திரமாக வையுங்கள்.

இன்னொரு தொல்லை இனிஷியல். மார்க் ஷீட்டில் ஒரே எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பான் கார்டில் வேறு வரிசை. பின்னாளில் பி.எஃப். பணம் எடுக்கும்போது இது வந்து நிற்கும். வேலையில் சேரும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள். பழைய யு.ஏ.என். (பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்) இருந்தால் அதையே கொடுங்கள், புதிதாக உருவாக்க விடாதீர்கள்.

டெபாசிட், யூனிஃபார்ம் பணம், பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குக் கட்டணம் இல்லை. பயோடேட்டா நகல் ஐந்தாறு எடுத்துக்கொண்டு முற்பகலிலேயே போங்கள்.